நம்பி உண்பது எதனை?

தேங்காய்ப்பூவைப் பிழிந்து முதற்பாலும் கப்பிப்பாலும் எடுத்துப் பழகிய எமது அடுக்களையில், தானியத்திலிருந்து பால் எடுப்பதென்பது பெரும் புதுமையாகத் தோன்ற நியாயமில்லை. ஆயினும், சென்ற ஆண்டு ஓட்ஸ் பால் என்னும் பொருள் எம் இல்லத்துள் முதன்முதலாகப் புகுந்தபோது அது ஒரு சிறு கலகத்தையே விளைவித்துவிட்டது. அக்கலகத்தின் வழியே நாம் அறிந்துகொண்டவற்றுட் சில சமையலைப் பற்றியன; ஏனையவை நம்பிக்கையைப் பற்றியன. இரண்டையும் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

எம் இளைய மகளுக்கு வயது பத்து. புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த காலத்தில், காலையிற் பால் குடித்த நாட்களிலெல்லாம் வயிறு பொருமி, வகுப்பில் இருக்கவியலாது வீடு திரும்பத் தொடங்கினாள். பரீட்சைப் பயமே காரணம் என எண்ணினோம். பிள்ளையைக் கடிந்தும் கொண்டோம். வைத்தியரிடம் காட்டிய பின்னரே, குற்றம் பிள்ளையுடையதன்று, பாலிலுள்ள இலக்ரோசு என்னும் வெல்லத்தினது என்பது புலனாயிற்று. அவ்வெல்லத்தைச் சமிக்கச் செய்யும் நொதியம், குழந்தைப் பருவம் கழிந்தபின் பலருடைய உடலிற் குறைந்துவிடுகின்றது. இஃது ஒரு நோயன்று; உலகிற் பெருந்தொகையானோரின் இயல்பேயாம். “சில கிழமைகள் பாலை நிறுத்திப் பாருங்கள்” என்றார் வைத்தியர்.

அவ்வேளையிற் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், தாம் கொண்டுவந்த இரண்டு பொதி ஓட்ஸை எம்மிடம் தந்து, “இதில் பால் எடுத்துக் குடுங்கோ, அங்கே எல்லாரும் இதைத்தான் குடிக்கினம். இது சேதன உற்பத்தி, மருந்தடியாதது” என்றார். மருந்தடியாதது என்னும் அந்த ஒரு சொல்லே எம்மை வென்றுவிட்டது.

பசையும் பாலும்

முதல் நாள் நாம் செய்த பிழை பலரும் செய்யக்கூடியதே. கஞ்சி காய்ச்சும் பழக்கத்தில் ஓட்ஸை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, அரைத்து, துணியிலிட்டு, தேங்காய்ப்பூவைப் பிழிவதுபோல இறுக்கிப் பிழிந்தோம். வந்தது பாலன்று, விரலில் ஒட்டி நூலாக நீளும் ஒரு குழம்பு. எம் அன்னையார் அதனைக் கரண்டியால் எடுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது பாலோ? சுவரிலை நோட்டீஸ் ஒட்டுற பசையெல்லோ!” என்றார். பிள்ளை சிரித்தாளேயன்றிக் குடிக்கவில்லை.

அன்னையார் கூற்றில் விஞ்ஞானம் இருந்தது. ஓட்ஸில் மாப்பொருள் மிகுதி. அது நீருடன் சூடேறும்போது வீங்கிக் களியாகின்றது. அதனுடன் பீற்றா குளூக்கன் என்னும் வழவழப்பான நார்ப்பொருளும் சேர்கின்றது. குருதியிற் கொலஸ்திரோலைக் குறைக்க உதவுவதாக மதிக்கப்படும் அந்நாரே பால் எடுப்பவருக்கு இடையூறாகவும் அமைகின்றது. எனவே தேங்காய்க்குரிய விதி ஓட்ஸுக்குப் பொருந்தாது. தேங்காய்ப்பூவுக்குச் சுடுநீர் நன்று. ஓட்ஸுக்குக் குளிர்நீரே வேண்டும். தேங்காய்ப்பூவை இறுகப் பிழிதல் வேண்டும். ஓட்ஸைப் பிழியவே கூடாது.

பலமுறை செய்து தேறிய முறை வருமாறு: ஒரு கோப்பை ஓட்ஸுக்கு, கொதித்தாறிக் குளிர்ந்த நீர் நான்கு கோப்பை எடுக்குக. ஒரு சிட்டிகை உப்பும், விரும்பினால் விதை நீக்கிய பேரீச்சம்பழம் ஒன்றும் சேர்க்கலாம். ஓட்ஸை முன்கூட்டி ஊறவைத்தல் வேண்டா. மிக்ஸியில் அரை நிமிடத்துக்கு மேற்படாமல் அடித்து, மெல்லிய பருத்தித் துணியில் வார்த்து, தானாக வடியவிடுக. துணியில் எஞ்சும் சக்கையை எறியாது ரொட்டி மாவுடனோ தோசை மாவுடனோ கலந்துகொள்ளலாம். பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாட்களுக்குள் முடித்துவிடுதல் நன்று. மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்ட நாளில் வைத்திருந்ததைக் கொட்டிவிடுதலே அறிவுடைமை. அடியில் மா படியுமாதலால் ஒவ்வொரு முறையும் குலுக்கி வார்த்தல் வேண்டும். அடுப்பிலேற்றினால் மீண்டும் பசையாகும். எனவே தேநீருக்கு வேண்டுமாயின், தேநீரை இறக்கிய பின்னரே சிறிது சிறிதாக வார்க்குக.

கடையில் விற்கும் ஓட்ஸ் பால் மட்டும் கொதித்தாலும் பசையாகாதது எவ்வாறு? சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் றிக்காட் ஓஸ்தே என்னும் உணவு விஞ்ஞானி, 1990களின் தொடக்கத்தில், ஓட்ஸின் மாப்பொருளை நொதியங்களால் உடைத்து நீர்மமாக்கும் வழியைக் கண்டார். பாலின் இலக்ரோசு ஒவ்வாதோருக்கு உதவுவதே அவ்வாராய்ச்சியின் நோக்கமாகும். இன்றைய ஓட்ஸ் பால் தொழிலுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

அத்தகைய நொதியம் எமது வீடுகளிலும் உண்டு. முளைகட்டிய குரக்கனில் அமிலேசு என்னும் நொதியம் நிறைந்திருக்கின்றது. முளைகட்டி உலர்த்தி இடித்த குரக்கன் மாவில் ஒரு தேக்கரண்டியை, விரல் பொறுக்காத ஆனால் கொதியாத சூட்டிலுள்ள ஓட்ஸ் கரைசலிற் கலந்து அரை மணி நேரம் மூடிவைத்தால், கரைசல் நெகிழ்ந்து இனிப்பும் பெறுகின்றது. பின்னர் அதனை நன்கு கொதிக்கவைத்தே பயன்படுத்தல் வேண்டும். முளைத்த தானியத்தில் நுண்ணுயிர்கள் தங்கியிருக்கக்கூடும். அவ்வினிப்பும் ஒரு வெல்லமே என்பதை நீரிழிவுடையோர் மறத்தலாகாது.

பச்சை இலையின் பொருள்

கனடாப் பொதிகள் முடிந்தன. பட்டணத்துக் கடையொன்றில் ஓட்ஸ் பொதிகள் இருவகையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்று சாதாரணம், மற்றது மும்மடங்கு விலை. விலை கூடிய பொதியிற் பச்சை இலையொன்றின் படமும், ‘இயற்கை’ என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லும் இருந்தன. “இது சேதன உற்பத்திதான் என்று எப்படி அறிவது?” என வினவினோம். கடைக்காரர் எம்மை இரக்கத்துடன் நோக்கி, “சேர், இலைப்படம் கிடக்குது, பிறகென்ன?” என்றார்.

ஆசிரியத் தொழில் செய்வோருக்கு இத்தகைய விடை போதாது. வீடு திரும்பி, அவ்விலையின் பொருளை ஆராய முற்பட்டோம்.

சேதன விவசாயம் என்னும் இயக்கத்துக்கு எமது பிராந்தியத்துடன் பழைய உறவுண்டு. அல்பேட் ஹவாட் என்னும் ஆங்கில விஞ்ஞானி, இந்தியாவின் இந்தூரிற் பணியாற்றிய காலத்தில், அந்நாட்டு உழவர்களின் வழக்கங்களையும் கூர்ந்து நோக்கிக் கூட்டெரு ஆக்கும் முறையொன்றை வகுத்தார். அவருடைய புகழ்பெற்ற நூல் 1940இல் வெளிவந்தது. சேதன இயக்கங்களின் சர்வதேசச் சம்மேளனம் 1972இற் பிரான்சில் தோன்றியது. ஐக்கிய அமெரிக்கா 1990இலும், ஐரோப்பா 1991இலும் இதற்கெனச் சட்டம் இயற்றின.

இச்சட்டங்கள் கோருவன எளியனவல்ல. அமெரிக்க விதிப்படி, விலக்கப்பட்ட இரசாயனம் எதுவும் நிலத்தில் மூன்று ஆண்டுகள் இடப்படாதிருத்தல் வேண்டும். பண்ணையை ஆண்டுதோறும் பரிசோதகர் பார்வையிடல் வேண்டும். ஐரோப்பாவிற் பொதிசெய்யப்படும் சேதன உணவில், விண்மீன்களால் அமைந்த இலைச் சின்னமும், அதனருகே சான்றளித்த அமைப்பின் குறியீட்டு எண்ணும், தானியம் விளைந்தது ஐரோப்பாவிலா வெளியிலா என்னும் குறிப்பும் இருத்தல் வேண்டும். நாம் கண்ட பொதியில் எண்ணும் இல்லை, குறிப்பும் இல்லை. அவ்விலை அச்சுக்காரர் வரைந்த வெறும் இலையே. ‘இயற்கை’ என்னும் சொல்லும் ‘சேதனம்’ என்னும் சான்றும் ஒன்றல்ல என்பதை மாணவர்களும் குடும்பத்தலைவியரும் மனத்திலிருத்தல் நன்று.

முறையான சான்று இருப்பினும் அதன் எல்லையை அறிதல் வேண்டும். அது பயிர் விளைந்த முறைக்குச் சான்றேயன்றி, பொதிக்குள் உள்ள ஒவ்வொரு மணிக்கும் சான்றன்று. அயல் வயலிலிருந்து காற்றோடு வரும் மருந்தை வேலி தடுக்காது. ஆதலால் அமெரிக்க விதியும், சாதாரண உணவுக்கு அனுமதித்த எச்ச அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை சேதன உணவிற் பொறுத்துக்கொள்கின்றது. செம்புச் சேர்வைகள் போன்ற சில மருந்துகள் சேதன விவசாயத்திலும் அனுமதிக்கப்பட்டவையே. ‘மருந்தடியாதது’ என எம் உறவினர் கூறியது, அன்பினாற் கூறிய மிகைப்பாடாகும்.

வஞ்சகமும் இல்லாமலில்லை. 2017இல் அமெரிக்கப் பத்திரிகையொன்று ஒரு கப்பலின் கதையை வெளியிட்டது. உக்ரேனிலிருந்து துருக்கி வழியாகக் கலிபோர்னியாவை அடைந்த ஏறத்தாழ 16,000 தொன் சோயா, புறப்படும்போது சாதாரணமாயிருந்து, கரைசேரும்போது ஏட்டளவிற் சேதனமாகிவிட்டது. மிசூரி மாநிலத்து வணிகரொருவர் 14 கோடி டொலருக்கு மேற்பட்ட பெறுமதியுடைய தானியத்தைச் சேதனமெனப் பொய்யுரைத்து விற்று, 2019இற் பத்தாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். பல ஆண்டுகள் வாங்கியோர் எவராலும் நாவினால் வேறுபாடு காண இயலவில்லை என்பதே இங்கு நாம் கருதற்பாலது. இவற்றின் பின்னர், இறக்குமதி செய்வோரையும் இடைத்தரகரையும் கண்காணிக்கும் கடுமையான விதிகள் அமெரிக்காவில் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன.

ஆயின் சேதன உணவால் நன்மையே இல்லையோ எனின், அவ்வாறு கூறுதலும் பிழை. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2012இல் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, சேதன உணவிற் போசாக்கு மிகுதி என்பதற்கு வலிய ஆதாரமில்லை, ஆனால் பீடைகொல்லி எச்சம் குறைவு என்றனர். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் தலைமையில் 343 ஆய்வுகளைத் தொகுத்த குழுவினரோ, 2014இல், சேதனப் பயிர்களில் ஒட்சியேற்ற எதிரிகள் கூடுதலாகவும் கட்மியம் குறைவாகவும் உள்ளன என்றனர். எச்சம் குறைவு என்பதில் இரு சாராரும் ஒத்தனர்.

ஓட்ஸைப் பொறுத்தமட்டில் இவ்வினாவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கனடா போன்ற நாடுகளில் அறுவடைக்குச் சற்று முன்னர், களைகளை ஒழிக்கவும் பயிரை உலர்த்தவும் கிளைபோசேற் என்னும் களைநாசினியை ஓட்ஸ் வயலில் தெளிக்கும் வழக்கம் இருந்து வந்துள்ளது. அந்நாசினி புற்றுநோயை விளைக்கக்கூடியதாயிருக்கலாம் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015இல் வகைப்படுத்தியது. அதனால் மனிதருக்கு அத்தகைய ஆபத்து நேர்தல் அரிது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை அதே ஆண்டிற் கூறியது. முறையான சேதனச் சான்றுள்ள ஓட்ஸ் வயலில் இந்நாசினிக்கு இடமில்லை என்பது உண்மையான ஒரு நயமே.

எமது நாட்டில் இச்சொல்லுக்கு ஒரு கசப்பும் சேர்ந்துவிட்டது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே ஆணையால் நிறுத்தப்பட்டது, நெல்விளைவு வீழ்ந்தது, நவம்பரில் அவ்வாணை மீளப்பெறப்பட்டது. ஒரு கொள்கை நல்லதாயிருப்பினும், அதனைத் தாங்கும் எருவும் பயிற்சியும் காலமும் இன்றேல் அது நிலைக்காது என்பதை வயல்களே எமக்குக் கற்பித்தன.

வைத்தியரின் கேள்வி

இவ்வாறெல்லாம் படித்து, குறியீட்டு எண்ணுள்ள பொதியைத் தேடி வாங்கி, மாதந்தோறும் வீட்டுச் செலவில் ஒரு பங்கை அதற்கே ஈந்து, கடமையைச் செவ்வனே ஆற்றிய மனநிறைவுடன் இருந்தோம். பிள்ளையின் வயிற்றுநோவும் நீங்கிவிட்டது. ஆறு மாதங்களின் பின் வைத்தியரைக் கண்டபோது, சான்றிதழ்களைப் பற்றி நாம் அறிந்ததையெல்லாம் ஒரு சிறு விரிவுரையாகவே ஆற்றினோம். அவர் பொறுமையுடன் கேட்டிருந்துவிட்டு, “எல்லாம் சரி சேர். பாலை நிறுத்தினீங்கள். கல்சியத்துக்கு என்ன குடுத்தீங்கள்?” என்றார்.

எம்மிடம் விடையில்லை. மாணவரை நோக்கி நாள்தோறும் வினாத்தொடுக்கும் நாம், அன்று விடையறியா மாணவனாகத் தலைகுனிந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து கணக்கிட்டுப் பார்த்தோம். 200 மில்லிலீற்றர் கொண்ட ஒரு தம்ளர் பசுப்பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கல்சியம் உண்டு. ஒரு கோப்பை ஓட்ஸில் உள்ள கல்சியம் முழுவதும் நீரில் இறங்கிவிட்டதென வைத்துக்கொண்டாலும், வீட்டில் எடுத்த ஓட்ஸ் பாலில் ஒரு தம்ளருக்குப் பத்து மில்லிகிராம்கூடத் தேறாது. புரதமோ பசுப்பாலில் ஆறு கிராமுக்கு மேல். இதில் இரண்டு கிராம் அளவே. பி 12 விற்றமின் அறவே இல்லை. கடையில் விற்கும் ஓட்ஸ் பால்கள் பலவற்றிற் கல்சியமும் விற்றமின்களும் பின்னர் சேர்க்கப்படுகின்றன. வீட்டுப் பாலில் அவற்றைச் சேர்ப்பார் யார்? வளரும் பருவத்தில், 10 வயது முதல் 18 வயது வரை, நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் கல்சியம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டாகப் பரிந்துரைத்துள்ளன. எமது மகள் ஆறு மாதங்களாகத் தூய்மையான வெண்ணிற நீரையே அருந்தி வந்திருக்கின்றாள்!

கண்ணுக்குத் தெரியாத நஞ்சை அஞ்சி, கணக்குக்குத் தெரிந்த குறைவை மறந்துவிட்டோம். பாலை நிறுத்துக என்ற வைத்தியர் தயிரை நிறுத்துமாறு கூறவேயில்லை. தயிரில் இலக்ரோசு ஓரளவு குறைந்துவிடுவதால் இவ்வியல்புடையோர் பலருக்கு அது ஒத்துக்கொள்கின்றது. நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. வேலியில் முருங்கை நிற்கின்றது. மச்சம் உண்போர் வீட்டில் முள்ளோடு உண்ணத்தக்க நெத்தலியும் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக ஓட்ஸ் பாலைக் கொடுத்தல் ஒருபோதும் ஆகாது என்பதையும் இங்கு அழுத்திக் கூற விரும்புகின்றோம்.

கிணற்றடியில்

வைத்தியரின் கேள்வி பிறிதொரு கேள்வியையும் பிறப்பித்தது. ஒரு கோப்பை ஓட்ஸுக்கு நான்கு கோப்பை நீர் எனின், இப்பாலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரேயன்றோ? ஓட்ஸ் விளைந்த வயலின் மூன்றாண்டு வரலாற்றைத் தேடிய நாம், அந்நீர் வந்த கிணற்றின் வரலாற்றைத் தேடினோமா?

நதியில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணக்கற் பாறைகளுக்கிடையே தேங்கிய மழைநீரே எமது உயிர்நீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் அளவிறந்து இட்ட பசளையும், மலசலகூடக் குழிகளின் கழிவும் அப்பாறை வெடிப்புகளின் வழியே எளிதில் இறங்குகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை நைத்திரேற்று கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு பயப்பது. கொதிக்கவைத்தலால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று அகலாது, நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

எமது கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். விடை எல்லைக்கு உட்பட்டதாகவே வந்தது; எனினும் எல்லைக்கு வெகு தூரத்தில் இல்லை. அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு, கிணற்றுக்கு அப்பாலுள்ள தோட்டத்துக்காரரிடம் பேச்சுக்கொடுத்தோம். இருபது ஆண்டுகளாக வேலிக்கு மேலால் நலம் விசாரிப்பவர். அவர் தோட்டத்தில் என்ன இடுகின்றார் என்று ஒருநாளும் நாம் வினவியதில்லை. அவர் சிறிது தயங்கிப் பின்னர், “உள்ளதைச் சொன்னால் சேர், வெங்காயத்துக்கு யூரியா போடாமல் ஏலாது. கீரைப்பாத்திக்கு மாட்டெருதான். வேணுமெண்டால் வந்து பாருங்கோ” என்றார்.

பாதி குறையை ஒப்புக்கொண்ட அச்சொல், குறையே இல்லையென்ற பொதியைவிட எமக்கு உறுதியாகப் பட்டது. அவரிடம் முத்திரையில்லை, ஆனால் வேலிக்கு அப்பால் நிற்கின்றார், கேட்டால் விடை கூறுகின்றார், போய்ப் பார்க்கவும் விடுகின்றார். தொலைவிலுள்ள உழவனிடம் அவ்வாறு கேட்க இயலாமையாற்றான் சான்றிதழ் தேவைப்படுகின்றது. அது வேண்டாத பொருளன்று. கேட்க இயலாதவிடத்துக் கேட்பதற்கு நாம் அமர்த்திய ஆள் அது. அவ்வாளின் விழிப்பைப் பொறுத்ததே அதன் பெறுமதி.

இப்போது எம் வீட்டு ஒழுங்கு இது: கிழமையில் மூன்று நாள் ஓட்ஸ் பால், நாள்தோறும் தயிர், குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் முறைவைத்து. ஓட்ஸ் சாதாரணப் பொதியே. வசதியுடையோர் முறையான எண்ணுள்ள சேதனப் பொதியை வாங்குவாராயின் அதில் தவறில்லை, எச்சம் குறையும், எங்கோ ஒரு நாட்டின் நிலத்தடி நீரும் ஓரளவு காக்கப்படும். எமக்கோ அம்மேலதிகப் பணம், அயல் தோட்டத்துக் கீரைக்கும் ஆண்டுக்கொருமுறை கிணற்று நீரைச் சோதிப்பதற்கும் போதுமானதாயிருக்கின்றது. கீரைக்கு விலை பேசுவதை எம் இல்லத்தரசியார் விட்டுவிட்டார். தோட்டக்காரரும் இம்முறை வெங்காயப் பாத்தியொன்றிற் கூட்டெரு இட்டுப் பார்க்கின்றார். விளைவு எவ்வாறு வருமோ அறியோம். விளைந்தால் முதற்பிடி எமக்கென்று கூறியிருக்கின்றார்.

சென்ற ஞாயிறு மகள் தானே ஓட்ஸ் பால் எடுத்தாள். துணியைப் பிழியாது பொறுத்திருந்து வடியவிட்டாள். பின்னர் தன் பாட்டியாருக்கு ஒரு தம்ளர் வார்த்துக் கொடுத்தாள். அன்னையார் ஒரு வாய் குடித்துவிட்டு, “பசையில்லை, பரவாயில்லை. ஆனால் பிள்ளை, இதைக் குடிச்சுப்போட்டு ஒரு கிண்ணம் தயிரும் சாப்பிடு” என்றார். வைத்தியரின் விரிவுரை முழுவதும் அவ்வொரு வாக்கியத்துள் அடங்கியிருந்தது.